குழந்தைக்கு அடிக்கடி சளியா? ஸிங்க் சொட்டு வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மலேசியாவில் தனியார் துறையில் 2023 ஜனவரி முதல் விடுப்பு 98 நாள். அதாவது குழந்தைக்கு மூன்று மாதம் தாண்டியதும் டாஸ்கா என்ற குழந்தைக் காப்பகத்திலோ, பக்கத்து வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவிடமோ விட வேண்டியிருக்கிறது. விட்ட சில வாரத்திலேயே மூக்கு ஒழுக ஆரம்பிக்கும், அப்புறம் இருமல், ஒரு ராத்திரி காய்ச்சல், ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுபடியும் மூக்கு. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் "ஸிங்க் குடு, எதிர்ப்பு சக்தி வரும்" என்று சொல்லிவிடுவார். ஸிங்க் என்றால் துத்தநாகச் சத்து. ஷோப்பி இணையக் கடையில் தேடினால் சொட்டு, சிரப், பொடி என்று பக்கம் பக்கமாக வருகிறது. எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

நான் பட்டர்வொர்த்தில் ஃபார்மசி கவுண்டரில் நிற்கிறவள். கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் குழந்தையின் வயது. ஆறு மாதத்துக்குக் கீழ், ஆறு மாதத்துக்கு மேல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பதில் வேறு.

இரண்டாவது, நீங்கள் எதைத் தடுக்க நினைக்கிறீர்கள். மூக்கு ஒழுகும் சாதாரணச் சளியையா, நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு வாங்க வைக்கும் நிமோனியாவையா? சாதாரணச் சளி சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை வருவது இயல்பு, டாஸ்கா போகும் பிள்ளைக்கு அதைவிடக் கூடவும் வரலாம். அதை நிறுத்துகிற மருந்து எதுவும் கடையில் கிடையாது. ஸிங்க் பற்றிய நல்ல ஆய்வுகளில் பெரும்பாலானவை பார்த்தது நிமோனியாவைத்தான்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: உங்கள் குழந்தைக்கு ஸிங்க் குறைவாக இருக்கிறதா? குறைவாக உள்ள உடம்புக்குக் கொடுத்தால் பலன் தெரியும். போதுமான அளவு உள்ள உடம்பில் மேலே மேலே ஊற்றுவதால் எதிர்ப்பு சக்தி ஏறிக்கொண்டே போகாது. நான்காவது ஆபத்து, ஐந்தாவது காசு. காசை நான் கடைசியில் வைத்தாலும் மாதா மாதம் போகிற காசு சின்ன விஷயமில்லை என்று தெரியும். அந்தக் காசில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## வழி 1: தினமும் ஸிங்க் சொட்டு

இதற்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது, வெறும் விளம்பரமில்லை. டாக்காவில் 2 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை 70 மி.கி. ஸிங்க் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது, நிமோனியா 17 சதவீதம் குறைந்தது. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் 6 முதல் 30 மாதப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 26 சதவீதம். வங்காளதேசம், இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் அமைப்பு) மதிப்பாய்வில் 13 சதவீதக் குறைவு.

இது வரைக்கும் படித்தால் உடனே வாங்கத் தோன்றும். ஆனால் அதே கொக்ரேனில் இன்னொரு பெரிய மதிப்பாய்வு 2014இல் வந்தது. 80 ஆய்வுகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், ஆறு மாதம் முதல் 12 வயது வரை. அதில் வயிற்றுப்போக்கு குறைந்தது தெரிந்தது, நெஞ்சுத் தொற்றில் வித்தியாசமே இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஒரு காரணம், ஒவ்வோர் ஆய்வும் எதை "நிமோனியா" என்று கணக்கெடுத்தது என்பது. வேகமாக மூச்சு விட்டாலே நிமோனியா என்று எண்ணிய இடங்களில் பலன் தெரியவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்த இடங்களில் பலன் தெரிந்தது. இன்னொன்று, டாக்கா, டெல்லி குடியிருப்புப் பிள்ளைகளில் பலருக்கு எடை குறைவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, இறைச்சி அபூர்வம். செந்தூலிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ எடை அட்டவணையில் சரியாக ஏறிக்கொண்டிருக்கிற, கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) ஒழுங்காகப் போகிற ஒரு குழந்தைக்கு அந்த 13 சதவீதத்தை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

ஆறு மாதத்துக்குக் கீழே இன்னும் தெளிவில்லை. ஆரோக்கியமாக, மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் ஸிங்க் கொடுப்பதால் நெஞ்சுத் தொற்று குறைகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது என்பதுதான் 2020இல் வந்த மதிப்பாய்வின் முடிவு. மூன்று மாதத்தில் டாஸ்காவுக்குப் போகும் குழந்தையின் அம்மா இந்த ஒரு வாக்கியத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் பாட்டில் விற்கிறவர்கள் குறிவைப்பது உங்களைத்தான்.

அப்புறம் அளவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி முதல் ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கு 2 மி.கி. ஸிங்க் போதும், 7 முதல் 12 மாதம் வரை 3 மி.கி. மேல் வரம்பு முதல் ஆறு மாதத்தில் 4 மி.கி., அதற்குப் பிறகு ஒரு வயது வரை 5 மி.கி., ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 7 மி.கி. தேவைக்கும் வரம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். சர்வதேசத் தரப்படி குழந்தைப் பால்மாவில் 100 கலோரிக்குக் குறைந்தது 0.5 மி.கி. ஸிங்க் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 600 கலோரி அளவு பால் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே 3 மி.கி. போய்விடுகிறது. அதற்கு மேல் 5 மி.கி. சொட்டு ஒன்று தினமும் கொடுத்தால் வரம்பைத் தாண்டியாயிற்று.

தாண்டினால் என்ன? உடனே தெரிவது வாந்தி, குமட்டல், பால் குடிக்க மறுப்பது. ஸிங்க் கரைசலில் ஓர் உலோகக் கசப்பு உண்டு, பல பிள்ளைகள் துப்பிவிடும். மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் செம்புச் சத்து உடம்பில் சேராமல் போகும், அதனால் இரத்தச்சோகையும் வரும், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் குறையும். எதிர்ப்பு சக்திக்காக வாங்கிய ஒன்று எதிர்ப்பு சக்தியையே குறைக்கிற நிலை அது. இரும்புச் சத்துச் சொட்டு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கும்போது ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாமல் தடுக்கும்.

லேபிளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, கவுண்டரில் நான் அதிகம் விளக்குவது இதைத்தான். "ஸிங்க் குளுக்கோனேட் 70 மி.கி." என்று போட்டிருந்தால் அதில் உள்ள ஸிங்க் சுமார் 10 மி.கி. மட்டுமே. "ஸிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி." என்றால் உள்ளே 20 மி.கி. உப்பின் எடை வேறு, ஸிங்கின் எடை வேறு. சிலர் உப்பின் எடையைப் பெரிதாகப் போடுகிறார்கள், சிலர் ஸிங்கின் எடையைப் போடுகிறார்கள். இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் வைத்து எது "பவர்" என்று எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தப்பாகப் போகும். மி.லி.க்கு எத்தனை மி.கி. ஸிங்க் என்று லேபிளில் கண்டுபிடிக்க முடியாத பாட்டில் குழந்தைக்கு வேண்டாம்.

பிறகு எம்ஏஎல் எண். மலேசியாவில் பதிவான மருந்துக்கும் சத்து மருந்துக்கும் "எம்ஏஎல்" (MAL) என்று தொடங்கும் எண் உண்டு, சத்து மருந்தாக இருந்தால் கடைசியில் "என்" (N) என்ற ஆங்கில எழுத்து வரும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயர் வரும். பெயர் பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பும் சொட்டுகளில் பலவற்றில் இந்த எண்ணே இருக்காது, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் குழந்தை வாயில் ஊற்ற வேண்டாம்.

தினசரிச் சொட்டு எப்போது சரி? குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு (ஸிங்க் சேமிப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அதிகம் சேர்கிறது), எடை ஏறாமல் நிற்கும் குழந்தைக்கு, நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு. இந்த மூன்றிலும் மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்கட்டும். வாயைச் சுற்றியும் பிட்டத்திலும் ஆறாத சிவந்த புண், கூடவே வயிற்றுப்போக்கு என்று இருந்தால் அது கடுமையான ஸிங்க் குறைபாடாக இருக்கலாம். சில தாய்மாருக்கு மரபணுக் காரணத்தால் தாய்ப்பாலில் ஸிங்க் மிகக் குறைவாக வரும், அரிதுதான், ஆனால் டயப்பர் புண் என்று கிரீம் மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தக் கூடாது.

## வழி 2: எல்லாம் கலந்த "இம்யூன்" சிரப்

ஸிங்க், வைட்டமின் சி, எல்டர்பெர்ரி, லைசின், இன்னும் என்னென்னமோ ஒரே பாட்டிலில். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வயதுக்குக் கீழ் வேண்டாம். ஸிங்க் அளவு சில பாட்டிலில் பேருக்குக் கொஞ்சம், சிலதில் குழந்தைக்கு அதிகம், சர்க்கரை சேர்ந்திருக்கும். தேன் கலந்ததா என்று கட்டாயம் பாருங்கள்: ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுத்தாக்கம் வரலாம், பாட்டி தொட்டு நாக்கில் வைக்கும் ஒரு துளிக்கும் இது பொருந்தும். நான்கு வழிகளில் காசுக்கு மிகக் குறைந்த பலன் இதில்தான்.

## வழி 3: உடம்பு சரியில்லாதபோது மட்டும் ஸிங்க்

வயிற்றுப்போக்கா, இருமலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் ஸிங்குக்கு உறுதியான இடம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சேர்ந்து சொன்னது: ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைக் கரைசலோடு, ஆறு மாதத்துக்குக் கீழ் நாளுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாள். மேலே சொன்ன வரம்பைவிட இது அதிகமாயிற்றே என்று கேட்பீர்கள். வயிற்றுப்போக்கில் ஸிங்க் உடம்பை விட்டு வெளியே போய்விடுகிறது, அதை ஈடுகட்டக் குறுகிய காலம் கொடுப்பது அது. மாதக்கணக்கில் கொடுக்கும் அளவு அல்ல. வயிற்றுப்போக்குக்கு எழுதிக் கொடுத்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த மாதம் சளிக்கு அதே அளவில் தொடர்வதைத்தான் நான் கண்டால் நிறுத்தச் சொல்கிறேன்.

நெஞ்சுத் தொற்று என்றால் கதை வேறு. வங்காளதேசத்தின் மத்லாப் ஆஸ்பத்திரியில் கடும் நிமோனியாவுடன் இருந்த குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸிங்கும் கொடுத்துப் பார்த்த, 2004இல் வெளிவந்த ஆய்வில் சீக்கிரம் தேறினார்கள். நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் தமிழ்நாட்டின் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் அதே முயற்சியைச் செய்து 2006இல் வெளியிட்டபோது பலன் இல்லை, வெயில் காலத்தில் சேர்ந்த குழந்தைகளுக்கு ஸிங்க் கொடுத்தபோது நிமோனியா இன்னும் நீடித்தது. நேப்பாளத்திலும் பெரிய பலன் தெரியவில்லை. இப்படி முன்னுக்குப் பின் முரணாக இருப்பதால்தான் வயிற்றுப்போக்குக்குச் சொன்ன மாதிரி இருமலுக்கும் கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

சாதாரணச் சளிக்கு ஸிங்க் கொடுத்தால் சீக்கிரம் விடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி பெரியவர்கள் வாயில் வைத்துச் சப்பும் மாத்திரையை வைத்து நடந்தவை. குழந்தைக்கு அந்த மாத்திரை தொண்டையில் அடைக்கும், கொடுக்கவே கூடாது. மூக்கில் விடும் ஸிங்க் மருந்தால் வாசனை தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இலேயே எச்சரித்தது, எந்த வயதிலும் அது வேண்டாம்.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம்தான். "ஸிங்க் கொடுத்திருக்கிறோம், ரெண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருப்பது. குழந்தைக்கு இருமலோடு மூச்சு வேகமாக இருந்தால் சட்டையைத் தூக்கி, அழாமல் இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது என்றால் நேராக அவசரப் பிரிவு, வண்டி இல்லையென்றால் 999. மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது.

## வழி 4: பாட்டிலுக்கு வெளியே

எனக்கு இந்த நான்கில் எது பிடிக்கும் என்று கேட்டால் இதுதான், தயக்கமில்லாமல். இதில் இரண்டு பகுதி: சாப்பாடு ஒன்று, தடுப்பூசியும் புகையும் இன்னொன்று.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால். பிறந்த இரண்டாம் வாரத்தில் தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 4 மி.கி. ஸிங்க் இருக்கும், ஆறாம் மாதத்தில் அது சுமார் 1.2 மி.கி.க்கு இறங்கிவிடும். பயப்பட வேண்டாம், குழந்தை பிறக்கும்போது கொண்டு வந்த சேமிப்பும் பாலில் உள்ளது எளிதாக உறிஞ்சப்படுவதும் சேர்ந்து அந்த ஆறு மாதத்தைச் சமாளிக்கும். அதோடு தாய்ப்பால் தரும் நோய் எதிர்ப்புப் பொருளை எந்தச் சொட்டும் தராது. வேலைக்குத் திரும்பினாலும் கறந்து, ஃபிரிட்ஜில் வைத்து, டாஸ்காவுக்குக் கொடுத்து அனுப்பும் அம்மாக்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஸிங்க் பாட்டிலுக்கு வைத்த காசை ஒரு நல்ல பம்புக்குப் போடுங்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இடைவெளி விழுகிறது. தாய்ப்பாலில் ஸிங்க் குறைந்துவிட்டது, நாம் கொடுப்பதோ பல வீடுகளில் கஞ்சித் தண்ணீர், ஆப்பிள் மசியல், கேரட், பிஸ்கட். வயிறு நிறையும், ஸிங்க் போகாது. குழந்தைக்கு ஸிங்க் குறைகிறதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 100 கிராம் வேக வைத்த கோழி ஈரலில் சுமார் 4 மி.கி., ஆட்டுக் கறியில் அதே அளவோ கொஞ்சம் கூடவோ, கோழித் தொடைக் கறியில் சுமார் 2.5 மி.கி., ஒரு முட்டையில் அரை மி.கி.க்குக் கொஞ்சம் மேல், வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 1.3 மி.கி. ஏழு மாதக் குழந்தை 100 கிராம் கறி சாப்பிடாது, இரண்டு மேசைக்கரண்டி நன்றாக அரைத்த தொடைக் கறியைக் கஞ்சியில் கலந்து கொடுத்தால் போதும், மற்றது பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் சேரும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் வாரம் ஒரு தடவை சின்ன அளவு, தினமும் வேண்டாம்.

சைவக் குடும்பம் என்றால் கொஞ்சம் யோசித்துச் சமைக்க வேண்டும். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் ஸிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்ச விடாது. ஊற வைத்தால், முளைகட்டினால், புளிக்க வைத்தால் அது குறையும். நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம்தான்: புளித்த மாவில் ஊற்றிய இட்லி, முளைகட்டிக் காய வைத்து அரைத்த கேழ்வரகுக் கூழ், முளைவிட்ட பச்சைப்பயறு மசியல். முட்டை சாப்பிடும் வீடு என்றால் முட்டையைத் தள்ளிப் போடாதீர்கள். பிறந்ததிலிருந்து பால்கூட அதிகம் இல்லாத சுத்த சைவமாக வளர்க்கிறீர்கள் என்றால் ஸிங்க், இரும்பு, பி12 மூன்றையும் பற்றி டாக்டரிடம் பேசுங்கள், அங்கே சொட்டு உண்மையிலேயே தேவைப்படலாம்.

இப்போது தடுப்பூசி. குழந்தை நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியை மலேசியா 2020 டிசம்பரில் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15ஆம் மாதங்களில் கிளினிக் கெசிஹாத்தானில் இலவசம். அதற்கு முன்பு தனியார் கிளினிக்கில் கை நிறையக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2, 3, 5, 18ஆம் மாதங்களில் போடும் ஆறு நோய்க்கான ஊசியில் கக்குவானும் ஹிப் கிருமியும் அடக்கம், 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மைக்கான எம்எம்ஆர். தட்டம்மை வந்த குழந்தைகளைக் கொல்வதில் நிமோனியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸிங்க் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "லேசாச் சளி இருந்துச்சு, அதான் நாலாம் மாச ஊசியைத் தள்ளிப் போட்டோம்" என்று சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. லேசான சளி ஊசியைத் தள்ளிப் போடக் காரணமில்லை. முதலில் போய் அந்த ஊசியைப் போடுங்கள், ஸிங்கைப் பிறகு பேசலாம்.

இன்ஃபுளுவென்சா ஊசி ஆறு மாதத்திலிருந்து போடலாம், முதல் வருஷம் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை. குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் இது இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும். ஸிங்குக்காக ஒதுக்கிய காசு இருக்கிறதென்றால் நான் இதற்குத்தான் போடச் சொல்வேன், ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்றால் வீட்டில் உள்ள பெரியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆர்எஸ்வி என்ற வைரஸ் தனி. இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடும், சிலருக்கு மூச்சுக் குழாய் வீங்கி ஆஸ்பத்திரி வரை போகும். இதற்கும் உலகில் புதிய தடுப்பு ஊசிகள் வந்திருக்கின்றன, உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

புகை விஷயத்தில் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் குழந்தைக்கு நெஞ்சுத் தொற்று வரும் வாய்ப்பு கூடும், இதில் சந்தேகமே கிடையாது. பால்கனியில் நின்று பிடித்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். அப்பா, தாத்தா, சித்தப்பா யாராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தது சாம்பிராணி. தலைக்கு ஊற்றியதும் குழந்தையைப் புகையில் காட்டுவது நம் வீடுகளில் பாசத்தோடு செய்வது, பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். "பாட்டி, டாக்டர் ஒரு வயசு வரைக்கும் புகை காட்ட வேணான்னு சொல்லிட்டாங்க, டவலால நல்லாத் துடைச்சு விடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். நெஞ்சில் கற்பூரம் தேய்ப்பதும் வேண்டாம், குழந்தை உடம்புக்கு அது நஞ்சு. 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வருகிற நாளில் ஜன்னலை அடைத்து, குழந்தையை வெளியே தூக்கிப் போகாமல் இருங்கள்.

டாஸ்கா தேர்ந்தெடுக்கும்போது சமூக நலத் துறையில் பதிவு உண்டா, ஓர் அறையில் எத்தனை குழந்தைகள், டயப்பர் மாற்றியதும் கை கழுவுகிறார்களா, காய்ச்சல் உள்ள பிள்ளையைச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். குறைவான பிள்ளைகள் உள்ள இடம் மாதம் கூடுதலாக வாங்கலாம். ஆனால் அடிக்கடி லீவ் எடுப்பதும் தனியார் கிளினிக் பில்லும் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நெஞ்சுத் தொற்றைத் தடுக்குமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| தினசரி ஸிங்க் சொட்டு | சத்துக் குறைவான குழந்தைகளிடம் ஓரளவு, ஆறு மாதத்துக்குக் கீழ் தெளிவில்லை | வாந்தி, செம்புக் குறைவு, இரும்புச் சொட்டோடு மோதல், மாதா மாதக் காசு | குறைமாதம், எடை ஏறாதது, சுத்த சைவம், மருத்துவர் சொன்னால் |
| கலவைச் சிரப் | நல்ல ஆதாரம் இல்லை | சர்க்கரை, தேன், அளவு தெரியாமை | ஒரு வயதுக்குள் யாருக்கும் இல்லை |
| நோயின்போது மட்டும் | இருமலுக்கு முரண்பட்ட முடிவுகள், வயிற்றுப்போக்குக்கு உறுதி | டாக்டரிடம் போவது தாமதமாவது | வயிற்றுப்போக்கு வந்த குழந்தை |
| சாப்பாடு, ஊசி, புகையில்லா வீடு | ஆம், ஒவ்வொன்றும் தனித்தனியாக | நேரம், வீட்டில் வாக்குவாதம், இன்ஃபுளுவென்சா ஊசிக் காசு | எல்லாக் குழந்தைக்கும் |

## உங்கள் வீட்டுக்கு எது

மூன்று, நான்கு மாதக் குழந்தை, தாய்ப்பாலோ பால்மாவோ நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது, டாஸ்காவில் சளி பிடித்துக்கொண்டே இருக்கிறது: ஸிங்க் வேண்டாம். மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு, அடிக்கடி பால், நேரத்துக்கு ஊசி. சளி இருமலுக்கென்று கடையில் விற்கும் சிரப்பும் இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

எட்டு, ஒன்பது மாதம், கஞ்சி தவிர எதுவும் வாயில் போக மாட்டேன் என்கிறது: கறி, முட்டை, பருப்பை அரைத்துக் கலந்து சில வாரம் விடாமல் முயற்சி செய்யுங்கள், கிளினிக்கில் எடை அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள். எடை கோடு கீழே சரிகிறது என்றால் ஸிங்கும் இரும்பும் தேவையா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தை என்றால் அது சத்து மருந்தால் தீர்க்கும் விஷயமே இல்லை. இதயம், நுரையீரல், எதிர்ப்பு சக்தி மூன்றையும் குழந்தை நிபுணர் பார்க்க வேண்டும், கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாட்டில் ஏற்கெனவே வாங்கி வீட்டில் இருக்கிறதா? தூக்கி எறிய வேண்டாம், அப்படியே கொடுக்கவும் வேண்டாம். எம்ஏஎல் எண்ணைச் சரிபார்த்து, மி.லி.க்கு எத்தனை மி.கி. ஸிங்க், காலாவதி எப்போது, திறந்த பிறகு எத்தனை வாரம் வைக்கலாம் என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை குடிக்கும் மற்ற சொட்டு, பால்மா டின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்து ஃபார்மசிஸ்டிடம் கொண்டு போனால் மொத்தம் எவ்வளவு ஸிங்க் போகிறது என்று கூட்டிச் சொல்வார், அதற்குக் காசு கிடையாது.